முயலுக்குப் பிறபொருள்

இலங்கையின் தமிழ்மொழிமூல உயிரியற் பாடநூல்கள், உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் குருதிப் புரதத்தைப் 'பிறபொருளெதிரி' என்கின்றன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த நாள்முதல் அறிவியலைத் தமிழிற் சொல்லிப் பழகிய குடாநாட்டில், இச்சொல்லின் செறிவு கவனிக்கத்தக்கது. நோய்த்தடுப்பை மட்டுமன்றி, அனுசேபத்தை, அதாவது உணவு சக்தியாகவும் உடற்பொருளாகவும் மாறும் இரசாயன நிகழ்வுகளை, ஆராயும் ஆய்வுகூடக் கருவியொன்றின் இயல்பையும் அது உணர்த்திவிடுகிறது.

மனிதப் புரதமொன்றின் துண்டை முயலுக்கு ஊசிமூலம் செலுத்தினால், முயலின் உடல் அதனைப் பிறபொருளாகக் கருதி எதிரியை ஆக்க, ஆய்வாளர் அதைக் குருதியிலிருந்து பிரித்தெடுக்கின்றனர். ஆனால் அப்புரதம் இரண்டு உயிர்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால், முயலுக்கு அது 'பிற' அன்று. எதிரியும் எளிதில் தோன்றாது. நியூயோர்க்கில் ரோசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் கினிப்பன்றியை நாடியதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. அவ்விலங்கின் இன்சுலின் ஏனைய பாலூட்டிகளினதிலிருந்து பெரிதும் வேறுபடுவதால், மாட்டு இன்சுலினுக்கு எதிராக அது ஆக்கிய பிறபொருளெதிரி மனித இன்சுலினையும் வலுவாகப் பற்றியது. கதிர்த்தொழிற்பாடுடைய இன்சுலினும் நோயாளியின் குருதியிலுள்ள இன்சுலினும் அந்த ஒரே எதிரிக்காகப் போட்டியிட, இடமிழந்த கதிர்த்தொழிற்பாட்டை அளந்து குருதி இன்சுலினை மதிப்பிடும் முறையை அவர்கள் 1960இல் விரிவாக வெளியிட்டனர். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, சமபங்கு உழைத்த பேர்சன் இறந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன.

இன்சுலின் குருதியில் உலவுவது. கலத்தினுள்ளேயே இருந்து சக்தியின் வரவுசெலவைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே என்னும் நொதியத்தை ஆராய்வதோ இன்னும் நுட்பமானது. கலத்தின் சக்தி நாணயமான அடினோசின் முப்பொசுபேற்றுக் குறைந்து ஒருபொசுபேற்றுப் பெருகும்போது, இந்நொதியத்தின் 172ஆவது அமினோ அமிலமான திரெயோனினில் ஒரு பொசுபேற்றுக் கூட்டம் நிலைபெறுகிறது. நொதியம் விழித்துக் கொழுப்பாக்கத்தைத் தடுத்து, கொழுப்பெரிப்பைத் தூண்டுகிறது. ஆகவே, நொதியம் எவ்வளவு உள்ளது என்று காட்டும் பிறபொருளெதிரி போதாது. அந்தப் பொசுபேற்று உள்ள வடிவத்தை மட்டும் பற்றும் இன்னொன்றும் வேண்டும். நீரிழிவாளர் நாள்தோறும் விழுங்கும் மெற்போமின் இந்நொதியத்தைத் தூண்டுவதாக 2001இல் காட்டப்பட்டதிலும், அம்மருந்தின் செயல் முழுவதும் இதன் வழியே நிகழ்வதில்லை என்று பின்னர் தெளிந்ததிலும் இத்தகைய எதிரிகளின் பங்கு பெரிது.

எனினும் பிறபொருளெதிரி தவறான புரதத்தையும் பற்றக்கூடும். புரதங்களைக் கூழ்த்தகட்டில் மின்னோட்டத்தாற் பருமன்வாரியாகப் பிரித்து மென்சவ்வுக்கு மாற்றிப் பிறபொருளெதிரியால் இனங்காணும் வெஸ்டர்ன் புளொட் முறையில், எதிர்பார்த்த இடத்திற் கருங்கோடு தோன்றுவது மட்டும் சான்றாகாது. அப்புரதத்துக்குரிய மரபணு நீக்கப்பட்ட கலங்களில் அக்கோடு மறையவேண்டும்; பொசுபேற்றை அகற்றும் நொதியத்தைச் சேர்த்தபின் பொசுபேற்றுக்குரிய கோடும் மறையவேண்டும். இச்சோதனைகளின்றி வெளியாகும் முடிவுகளால் வீணாகும் பணமும் மாணவரின் ஆண்டுகளும் கொஞ்சமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பிற இடங்களிலும் உயிர் இரசாயனம் பயிலும் மாணவர், ஆய்வுக்கட்டுரையொன்றின் கருங்கோட்டைப் பார்க்குமுன், அதனருகே கோடு இல்லாத கட்டுப்பாட்டு மாதிரி உண்டா என்று தேடுவார்களாக.