கடைவீதியும் கடன் வசதியும்: டர்ஹாம் நகரக் கறுப்பினச் சிறுதொழில்கள்

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் பரவியுள்ளது. கறுப்பினத்தவர் நடத்தும் உணவகங்கள், முடிதிருத்தகங்கள், புத்தகக் கடைகள் முதலானவற்றின் பட்டியலைத் தயாரித்து, உள்ளூர் மக்கள் அங்கே சென்று வாங்குமாறு வேண்டப்படுகின்றனர். 2004 முதல் ஆகஸ்டு மாதம் இதற்கெனவே கொண்டாடப்பட்டு வருகிறது. நாட்டு மக்கள் தொகையில் ஏறத்தாழ 13 சதவீதமாக உள்ள கறுப்பர்களுக்கு, ஊழியர்களை அமர்த்தி நடைபெறும் நிறுவனங்களில் சுமார் 3 சதவீதமே உரிமை என்பதை நோக்க, இம்முயற்சியின் தேவை விளங்கும். எனினும், வாடிக்கையாளர் வந்துவிட்டால் மட்டும் கடை நிலைத்துவிடுவதில்லை. இதனை அறிய வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகர வரலாறு பெரிதும் பயன்படும்.

முடிதிருத்தகத்திலிருந்து காப்பீட்டு நிறுவனம்

டர்ஹாம் புகையிலைத் தொழிலால் வளர்ந்த நகரம். அடிமையாக 1859-இல் பிறந்த ஜான் மெரிக், 1880-ஆம் ஆண்டளவில் அங்கே வந்து முடிதிருத்தும் தொழிலில் ஈடுபட்டார். புகையிலை முதலாளி வாஷிங்டன் டியூக் அவருடைய வாடிக்கையாளர்களுள் ஒருவர். ஈட்டிய பணத்தில் மெரிக் மேலும் முடிதிருத்தகங்களைத் திறந்தார். வீட்டு மனைகளையும் வாங்கினார்.

அக்காலத்தில் வெள்ளையரின் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பர்களை ஏற்கத் தயங்கின; ஏற்றாலும் குறைந்த தொகையே அளித்தன. கறுப்பர்களின் ஆயுளுக்குக் காப்பீடு வழங்குவது இலாபகரமானதன்று என்ற கருத்துக்குப் புள்ளிவிவரத் தோற்றம் தந்து ஃப்ரெடரிக் ஹாஃப்மன் எழுதிய நூல் 1896-இல் வெளிவந்தது. வறுமையால் நேர்ந்த மரணத்தை இனத்தின் இயல்பாகக் கொண்டதே அந்நூலின் அடிப்படைப் பிழை. இரண்டு ஆண்டுகளில், 1898-இல், மெரிக், மருத்துவர் ஆரோன் மூர் முதலிய எழுவர் சேர்ந்து வட கரோலினா மியூச்சுவல் என்று பின்னர் பெயர் பெற்ற காப்பீட்டு நிறுவனத்தை அமைத்தனர். தொடக்கத்தில் நிலைமை மிக மோசம். முதலில் வந்த 40 டாலர் மரண உரிமைத் தொகையை நிறுவனர்கள் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகக் கூறப்படுகிறது. எழுவரில் பெரும்பாலோர் விலகிவிட, மெரிக்கும் மூரும், மேலாளராக வந்த சார்லஸ் கிளிண்டன் ஸ்பால்டிங்கும் அதனைத் தூக்கி நிறுத்தினர்.

இந்நிறுவனத்தின் பொருளாதாரப் பொருள் யாது? புகையிலை ஆலைத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரியும் செலுத்திய சில்லறைக் காசுகளை முகவர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டினர். தனியே பார்த்தால் அக்காசுகளைக் கொண்டு ஒரு பெட்டிக் கடையும் வைக்க முடியாது. ஒன்றாகத் திரண்டபோது அவை மூலதனமாயின. 1907-இல் உரிமம் பெற்று 1908-இல் திறக்கப்பட்ட மெக்கானிக்ஸ் அண்டு ஃபார்மர்ஸ் வங்கி அடுத்த படி. செங்கல் சூளை உரிமையாளரான ரிச்சர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு அதன் முதல் தலைவர். பிற வங்கிகள் திருப்பி அனுப்பிய தையற்காரரும் மளிகைக்காரரும் அங்கே கடன் கேட்க முடிந்தது. கடன் கேட்பவர் யார், அவரது கடை எத்தகையது என்பது கடன் கொடுப்பவருக்கு நேரில் தெரிந்திருந்தது. ஈடு வைக்கச் சொத்தில்லாத சிறு வணிகருக்கு இது சிறிய உதவியன்று. 1920-களின் தொடக்கத்தில் சுமார் 2 இலட்சம் டாலர் அடமானக் கடன் வழங்கி, 500-க்கு மேற்பட்ட பண்ணைகளும் வீடுகளும் கைமாறாமல் இவ்வங்கி காத்தது என்று பதிவுகள் கூறுகின்றன.

நகர மையத்திலிருந்த பாரிஷ் தெருவில் இவ்விரு நிறுவனங்களும் இயங்கின. இருப்புப் பாதைக்குத் தெற்கே, ஹேட்டி நாட்டின் பெயரைத் தாங்கிய ஹேட்டை என்னும் பகுதியில் கறுப்பர்களின் கடைகளும் உணவகங்களும் விடுதியும் திரையரங்கும் மருத்துவமனையும் வளர்ந்தன. புக்கர் வாஷிங்டன் 1910-இலும், டு பாய்ஸ் 1912-இலும் நேரில் வந்து கண்டனர். பெரும்பாலான செய்திகளில் மாறுபட்ட அவ்விருவரும் டர்ஹாமைப் பாராட்டுவதில் ஒன்றுபட்டனர். ஆனால் ஹேட்டையின் வணிகத்தில் ஒரு பகுதி, கட்டாயத்தின் விளைவு என்பதையும் மறைத்தலாகாது. வெள்ளையர் உணவகத்தில் அமர முடியாதவர் வேறெங்கே செல்வார்? 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கதவுகளைத் திறந்தபோது கறுப்பின வாடிக்கையாளர் எங்கும் செல்லலாயினர்; வெள்ளையர் அதே அளவில் ஹேட்டைக்கு வரவில்லை. உரிமை கிடைத்ததால் வந்த இழப்பு என்று இதனைக் கூறுவது முறையாகாது. போட்டியைத் தாங்குவதற்கு வேண்டிய அவகாசமும் மூலதனமும் அக்கடைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதே சரி. அதற்குள் மற்றோர் இடி விழுந்தது.

நகர்ப் புதுப்பிப்பு

1930-களில் கூட்டரசு அமைப்பொன்று தயாரித்த வீட்டுக் கடன் வரைபடங்களில் கறுப்பர் குடியிருப்புகள் சிவப்பு வண்ணம் பெற்றன. கடன் தருவதற்கு ஆபத்தான இடங்கள் என்பது அதன் பொருள். கடன் கிடைக்காத கட்டடங்கள் பழுதடைந்தன. பழுதடைந்ததைக் காரணம் காட்டியே பின்னர் அவற்றை அகற்றத் திட்டமிடப்பட்டது. டர்ஹாமில் இதற்கான ஆணையம் 1958-இல் அமைந்தது. நிதிப் பத்திர வெளியீட்டுக்கு 1962-இல் நடந்த வாக்கெடுப்பில் கறுப்பினத் தலைவர்களும் ஆதரவளித்தனர். புதிய வீடுகளும் புதிய கடைவீதியும் வரும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட உறுதி.

நடந்தது வேறு. ஹேட்டையின் ஊடே விரைவுச் சாலை சென்றது. சுமார் 200 ஏக்கர் இடிக்கப்பட்டது. 4,000-க்கு மேற்பட்ட குடும்பங்களும் ஏறத்தாழ 500 தொழில் நிறுவனங்களும் இடம்பெயர நேர்ந்ததாக மதிப்பிடப்படுகிறது. தப்பிய சில கடைகள் தகரக் கொட்டகைகளில் தற்காலிகமாக வைக்கப்பட்டன. மக்கள் அவ்விடத்தைத் தகர நகரம் என்றே அழைத்தனர். கட்டடத்துக்கு விலை மதிப்பிடுவது எளிது. ஆனால் வாடகை இடத்தில் இருபது ஆண்டுகள் தொழில் நடத்திய முடிதிருத்துநரின் சொத்து அத்தெருமுனையும், அவ்வழியே நாள்தோறும் நடந்து சென்ற மனிதர்களுமே ஆவர். அதற்குப் பேரேட்டில் தலைப்பு இல்லை. இடம்பெயர்வோருக்குச் சீரான உதவியை உறுதிசெய்யும் கூட்டரசுச் சட்டம் 1970-இல்தான், இடிப்பு வேலை நெடுந்தூரம் சென்ற பின்னரே, வந்தது. நிலக் கையகப்படுத்தல் கோப்புகளைக் கையாளும் அலுவலர்கள் இப்பகுதியைச் சற்று நின்று படிக்கலாம்.

வங்கிகள் தம் வட்டாரத்துக் கடன் தேவையை நிறைவு செய்யவேண்டும் என வலியுறுத்தும் சமுதாய மறுமுதலீட்டுச் சட்டம் 1977-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னும் இடைவெளி முற்றும் நீங்கவில்லை. 2020-இல் தொற்று நோய் பரவியபோது, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தொழில் நடத்தி வந்த கறுப்பின உரிமையாளர்களின் எண்ணிக்கை 41 சதவீதம் வீழ்ந்தது. வெள்ளையரிடையே வீழ்ச்சி 17 சதவீதம். அரசின் அவசரக் கடன் வங்கிகள் வழியே வழங்கப்பட்டதால், வங்கியுடன் ஏற்கெனவே தொடர்புள்ளவரே முதல் வரிசையில் நின்றனர்.

வட கரோலினா மியூச்சுவல் 2018-இல் மாநில அரசின் மேற்பார்வைக்கு உட்பட்டது; அதனைக் கலைக்க 2022-இல் ஆணை பிறந்தது. பாரிஷ் தெருவில் 1921-இல் அது எழுப்பிய ஆறு மாடிக் கட்டடம் 1975 முதல் தேசிய வரலாற்றுச் சின்னமாக உள்ளது. மெக்கானிக்ஸ் அண்டு ஃபார்மர்ஸ் வங்கி, டர்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்டு, இன்றும் கடன் வழங்கி வருகிறது.