ஊர் சேர்தலும் வழி காணுதலும்

சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்திருக்கும் குமாஸ்தாவுக்குத் தொலைவு என்பது கிலோமீட்டர்க் கணக்கு. சாளரத்தின் முன்னே நிற்போருக்கோ அது மணிக் கணக்கு. “எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?” என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. “வழியில் என்னென்ன ஊர்கள் வரும்?” என்று கேட்போரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இதில் குற்றம் ஒன்றுமில்லை. வேலையும் விடுமுறையும் அளந்து கொடுக்கப்பட்ட வாழ்வில் விரைந்து போய்ச் சேர்வதையே யாவரும் விரும்புவர். ஆயினும், அதே கேள்வி இன்று நம் பிள்ளைகளின் விளையாட்டிற்குள்ளும் புகுந்திருக்கிறது என்பதை அன்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அதைப் பற்றியே இங்குச் சில கருத்துக்களை எழுத விழைகிறேன்.

கம்ப்யூட்டரிலும் பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகளிலும் ஆடும் ஆட்டங்களுள் ‘திறந்த உலக’ ஆட்டங்கள் என ஒரு வகை உண்டு. மற்ற ஆட்டங்கள் பலவற்றில் ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். இவ்வகையிலோ ஒரு நாடே ஆடுவோன் முன் விரிந்து கிடக்கும். மலை, காடு, ஆறு, சிற்றூர், கோட்டை, குகை எல்லாம் அதில் உண்டு. பகல் போய் இரவு வரும். மழை பெய்து ஓயும். எத்திசையில் செல்வது, எதை முதலில் செய்வது என்பன அவன் விருப்பம்.

இத்தகைய நாட்டில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல இரு வழிகள் உள்ளன. ஒன்று, நடந்தோ குதிரை ஏறியோ செல்லுதல். மற்றொன்று, நாட்டுப் படத்தில் ஊரின் பெயரைச் சுட்டிய நொடியிலேயே அங்குப் போய் நிற்றல். இதனை ‘ஃபாஸ்ட் டிராவல்’ என்பர். நாம் ‘விரைவுப் பயணம்’ எனக் கொள்வோம். நினைத்த மாத்திரத்தில் மூவுலகும் சென்று வரும் நாரதரின் பயணத்தை இது ஒத்தது. இவ்விரண்டில் எது நன்று என்று ஆடுவோரிடையே நெடுநாளாக வழக்கு நடந்து வருகிறது.

ஒரு குடும்பத்து நான்கு ஆட்டங்கள்

இவ்வழக்கின் வரலாற்றை ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடர் ஒன்றிலேயே காணலாம். பெதெஸ்டா நிறுவனத்தார் 1996-ஆம் ஆண்டில் ‘டாகர்ஃபால்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். அதன் நிலப்பரப்பில் பெரும்பகுதியைக் கணிப்பொறியே விதிகளின்படி ஆக்கிற்று. ஊர்களும் பண்ணைகளும் பாழ்நிலவறைகளுமாக அதில் 15,000-க்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. ஊர் விட்டு ஊர் நடக்க முனைந்தால் ஆடுவோனின் சொந்தப் பொழுது மணிக்கணக்கில் கழியும். வழியிலோ புல்லும் மரமும் அன்றிப் பெரிதாகக் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே விரைவுப் பயணமின்றி அவ்வாட்டத்தை ஆடுவது அரிது.

எனினும் அதில் ஒரு நயம் இருந்தது. புறப்படுமுன் சில கேள்விகள் எழும். எச்சரிக்கையாய்ச் செல்வதா, துணிந்து விரைவதா? இரவில் சத்திரத்தில் தங்குவதா, வெட்டவெளியில் படுப்பதா? தரை வழியா, கப்பலா? விடைக்கேற்பப் பயண நாட்களும் செலவும் கணக்கிட்டுக் காட்டப்படும். முன்பதிவுப் படிவங்களோடு காலம் கழிக்கும் எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்துவிட்டது.

2002-ஆம் ஆண்டில் வந்த ‘மாரோவிண்ட்’ முற்றிலும் வேறு நெறியைக் கைக்கொண்டது. ஒரு தீவு, கையால் அமைத்த ஊர்கள். படத்தைச் சுட்டித் தாவும் வசதி அதில் இல்லை. யானையினும் பெரிய பூச்சி ஒன்றின் முதுகில் ஏறிச் சில ஊர்களுக்குச் செல்லலாம். துறைமுகங்களுக்கிடையே படகு உண்டு. மந்திரவாதிகளின் சங்கக் கட்டடங்களுக்கிடையே காசு கொடுத்துத் தாவலாம். ஒவ்வொன்றும் தனக்குரிய சில இடங்களுக்கே செல்லும். ஆகவே நாம் சந்திப்பு நிலையத்தில் வண்டி மாறுவதுபோல், ஆடுவோன் எங்கு இறங்கி எதில் ஏறுவது என்று திட்டமிட வேண்டியிருந்தது. போகுமிடத்தைக் காட்ட அம்புக்குறியும் இல்லை. பாலம் கடந்து வடக்கே திரும்பு, பாறையருகே மேற்கே செல் என்பதுபோல் பிறர் சொன்ன குறிப்பை நாட்குறிப்பில் படித்துத் தானே தேட வேண்டும். ஆடியவர் பலர் இன்றும் அத்தீவின் பாதைகளைத் தம் ஊர்த் தெருக்களைப்போல் நினைவு கூறுகின்றனர்.

2006-ஆம் ஆண்டில் ‘ஆப்லிவியன்’ வந்தது. தொடக்கத்திலேயே பெருநகரங்கள் பெரும்பாலானவற்றிற்குத் தாவலாம். செல்லுமிடத்தைத் திசைகாட்டியில் குறியும் காட்டும். புதியவர்கள் மகிழ்ந்தனர்; பழையவர்கள் முணுமுணுத்தனர். 2011-ஆம் ஆண்டில் வந்த ‘ஸ்கைரிம்’ நடுவழியைத் தேர்ந்தது. ஓரிடத்தை ஒருமுறை கண்டறிந்த பின்னரே அங்குத் தாவலாம். ஆயினும் நகரவாயிலில் நிற்கும் குதிரை வண்டிக்காரனுக்குச் சில பொற்காசுகள் கொடுத்தால், காணாத தலைநகரங்களுக்கும் உடனே கொண்டு சேர்த்துவிடுவான்.

இடையில் ஒன்றுமில்லையா?

கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் தமையன் மகன் இந்த ஸ்கைரிமை ஆடிக்கொண்டிருந்தான். வொயிட்ரன் நகரிலிருந்து மேற்கே மலை நடுவிலுள்ள மார்கார்த் நகருக்கு வண்டியிலேறி நொடியில் போய்ச் சேர்ந்தான்.

“இரண்டு ஊருக்கும் இடையில் என்ன இருக்கிறது, தம்பி?” என்று கேட்டேன்.

“ஒன்றுமில்லை, சித்தப்பா. வெறும் வழிதான்” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ட அளவில் அவ்வளவே. ஆனால் மறுநாள் என் வேண்டுகோளுக்கிணங்கி அதே தொலைவை நடந்து சென்றான். நகரை விட்டு மேற்கே சற்றுத் தூரம் சென்றதும், மாமத யானைகளை ஆடுமாடுபோல் மேய்த்துக்கொண்டு அரக்கர் வெட்டவெளியில் நிற்கக் கண்டான். ஒளிவிடும் குட்டையின் நடுவே விந்தை மரம் ஒன்று நின்றது. பின்னர் ரோரிக்ஸ்டெட் என்னும் உழவர் சிற்றூர். அதில் ஒரு சிறு சத்திரம். அப்பால் நிலம் மெல்லப் பாறையாகி, பாதை மலைகளுக்கிடையே ஏறிற்று. மார்கார்த் ஏன் கல்லில் குடைந்த நகராக இருக்கிறது என்பது அப்பொழுதுதான் அவனுக்குப் புலப்பட்டது. அரை மணிக்குக் குறையாமல் செலவாயிற்று. அந்த மாலையில் வேறு எதையும் அவன் முடிக்கவில்லை. எனினும் இரவு உணவின்போது அவன் வாய் ஓயாமல் கூறியதெல்லாம் அந்த வழியைப் பற்றியே.

இதிலிருந்து எனக்குத் தோன்றும் கருத்து இதுதான்: விரைவுப் பயணம் ஊர்களைத் தருகிறது, நாட்டைத் தருவதில்லை. ஊரை ஊரோடு இணைக்கும் வழி உள்ளத்தில் பதிந்தால்தான் பத்து ஊர்கள் ஒரு நாடாகும். இல்லையேல் அவை சரம் இல்லாத மணிகள்.

வழியை வளமாக்கியவர்கள்

ஆனால் நடப்பவன் மட்டும் முயன்றால் போதாது. வழி அமைத்தவனும் தன் கடமையைச் செய்திருக்க வேண்டும். டாகர்ஃபாலின் வெற்றுவெளியில் நடக்கச் சொல்வது தண்டனையேயாகும். ‘டிராகன்ஸ் டாக்மா 2’ என்னும் ஜப்பானிய ஆட்டத்தை இயக்கிய ஹிடேயாகி இட்சுனோ, பயணம் சலிப்பூட்டினால் அது ஆட்டத்தின் குற்றமே என்ற கருத்தை 2024-ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார். அவர் ஆட்டத்தில் தாவுவதற்குரிய கல் அரிய பொருள். அதற்கு மாறாக ஊர்களுக்கிடையே மாட்டு வண்டி ஓடும். வண்டியில் கண்ணயர்ந்தால் ஊர் வந்துவிடும். சிலபொழுது பகைவர் தாக்க, இடைவழியில் விழித்தெழ நேரும். வண்டியே நொறுங்கிப் போவதும் உண்டு.

நின்டெண்டோவின் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் உயர்ந்த கோபுரங்கள் மீது ஏறினால் அப்பகுதியின் நில அமைப்புப் படத்தில் விளங்கும். ஆனால் எங்கே என்ன இருக்கிறது என்று படம் பெரும்பாலும் சொல்லாது. கோபுரத்தின் உச்சியில் நின்று, ஆடுவோன் தன் கண்ணாலேயே பார்த்துக் குறியிட்டுக்கொண்டு இறங்கிச் செல்ல வேண்டும். குன்றின் உச்சியில் தனித்துக் கிடக்கும் கல்லைப் புரட்டினால் ஒரு சிறு வனப்பூதம் சிரித்துக்கொண்டு வெளிப்படும். அத்தகைய ஒளிவிடங்கள் 900 உள்ளன. கோபுரங்களுக்கும் 120 சிறு கோவில்களுக்கும் தாவும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் முதலில் தானே சென்று அடைந்திருக்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டில் வந்த ‘ஸ்பைடர் மேன்’ ஆட்டத்தில், நியூயார்க் நகரத்தின் சுரங்க இரயிலே விரைவுப் பயணம். பிற பயணிகளோடு சிலந்தி மனிதன் முகமூடியுடன் பெட்டியில் அமர்ந்திருக்கும் காட்சி நகைப்பூட்டும். ஆயினும் கட்டடத்துக்குக் கட்டடம் நூலில் ஊசலாடிச் செல்வது அத்துணை இன்பமாயிருப்பதால், இரயிலை மறந்தே போனோர் பலர். போவதே இன்பமாயின் தாவ யார் விரும்புவர்?

இவை அனைத்தினும் என் தொழிலுக்கு அணுக்கமானது ஹிடேயோ கோஜிமா ஆக்கிய ‘டெத் ஸ்ட்ராண்டிங்’. 2019-ஆம் ஆண்டில் வந்த இவ்வாட்டத்தின் நாயகன் ஒரு சுமைதூக்கி. பார்சல்களை முதுகில் அடுக்கிக்கொண்டு, தடுமாறாமல் ஆற்றையும் பாறையையும் கடந்து சேர்ப்பிக்க வேண்டும். பிற ஆட்டக்காரர் வைத்துச் சென்ற ஏணியும் பாலமும் நமக்கு உதவும். நாம் வைத்தவை அவர்களுக்கு உதவும். இதிலும் தாவும் வசதி உண்டு. ஆனால் ஆள்தான் தாவலாம், சரக்கு தாவாது. மனிதன் எவ்வளவு விரைந்தாலும் சுமை தரைவழியேதான் சேரவேண்டும் என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஆட்டம் வேறொன்றை நான் அறியேன்.

விரைவின் பக்கமும் நியாயம் உண்டு

இவ்வளவும் கூறியதால், விரைவுப் பயணத்தை நான் வெறுக்கிறேன் என்று எவரும் கருதவேண்டா. பள்ளிப் பாடம் முடித்தபின் ஒரு மணி நேரமே ஆட அனுமதி பெற்ற சிறுவன், ஏழு முறை கடந்த அதே காட்டை எட்டாம் முறையும் கடக்கவேண்டும் என்பது கொடுமை. பணி முடிந்து களைத்து வரும் பெரியவருக்கும் அஃதே. கைவிரல் நோவுடையோர்க்கும், திரையில் காட்சி ஓடுங்கால் தலைசுற்றல் உறுவோர்க்கும் தாவும் வசதி ஓர் உதவியே. வேண்டாதவர் அதனை விலக்கிவிடலாம். ‘ஃபால்அவுட் 4’ ஆட்டத்திற்கு 2016-ஆம் ஆண்டிலும் ஸ்கைரிமுக்கு 2017-ஆம் ஆண்டிலும் ‘சர்வைவல்’ என்னும் கடின முறைகள் வந்தன. அவற்றில் படத்தைச் சுட்டித் தாவுவது நீக்கப்பட்டது; பசியும் களைப்பும் சேர்க்கப்பட்டன. விரும்பியே இத்துன்பத்தை ஏற்று ஆடுவோர் இருக்கின்றனர் என்பதே வழியின் சுவைக்குச் சான்று.

ஆனால் ஒன்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும். மேற்சொன்ன டிராகன்ஸ் டாக்மா 2 வெளிவந்தபொழுது, தாவிச் சேருமிடத்தைக் குறிக்கும் படிகம் ஒன்றைத் தனிக் காசுக்கும் விற்றனர். ஆட்டத்தினுள்ளேயே அது கிடைக்கும் என்றாலும், முழுவிலை கொடுத்து வாங்கியோர் பலர் சினங்கொண்டனர். வழியை நீளமாக்கிவிட்டு, அதைச் சுருக்கக் காசு கேட்பது முறையாகுமா என்பது அவர்கள் கேள்வி. நம் வங்கி அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் பெற்றோர் இதனை நினைவிற் கொள்க. இவ்வாட்டங்களுள் சில பெரியவர்களுக்கே உரியவை. ஆதலின் வயதுக் குறிப்பையும் பார்த்தே வாங்குக.

இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

முதன்முறை நடந்து செல். திரும்பும்போது தாவி வா. இவ்வெளிய விதியை நம் வீடுகளில் வழக்கமாக்கலாம். புதிய இடத்திற்கு நடை. பழகிய இடத்திற்குத் தாவல். அவ்வாறு செய்தால் பொழுதும் மிஞ்சும், நாடும் உள்ளத்தில் நிற்கும். ஆட்டம் முடிந்தபின், “இன்று எத்தனை பேரை வென்றாய்?” என்று கேட்பதோடு, “இன்று எவ்வழியே சென்றாய்? என்ன கண்டாய்?” என்றும் கேளுங்கள். கூடுமாயின் ஒரு தாளில் நினைவிலிருந்து வழிப்படம் வரையச் சொல்லுங்கள். எந்த ஊர் எந்த ஆற்றின் கரையில் நிற்கிறது என்று எழுதக் கற்ற பிள்ளை, பள்ளியின் பூகோளப் பாடத்தையும் அஞ்சாது.

இதனை நம்மவர்க்குத் தனியே எழுதக் காரணம் உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதே பயணத்திற்கு ஏறத்தாழ 33 மணி எடுத்துக்கொள்கிறது; 2,180 கிலோமீட்டர் அளவு ஓடுகிறது. சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணை ஆகிய நான்கு பேராறுகளைக் கடக்கிறது. கோதுமை வயல் நெல் வயலாவதும், நிலையப் பலகையில் எழுத்து மாறி மாறித் தமிழாவதும் சன்னல் வழியே தெரியும். விமானத்தில் மட்டுமே சென்று வந்த பிள்ளைக்குத் தாத்தாவின் ஊர் படத்தில் உள்ள ஒரு புள்ளி. இடையே வாழும் மக்கள் யார், அவர் மொழி என்ன என்பன அவனுக்கு “வெறும் வழிதான்”.

நோயுற்ற தாயைக் காணச் செல்வோர் விமானத்திலேயே செல்க. அதற்காகவே அது இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வளர்ந்து நம் கையை விட்டுப் போகுமுன், ஒரு கோடை விடுமுறையிலேனும் அவர்களைப் பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் அமர்த்தி, அந்த நான்கு ஆறுகளையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.