உயர் வெப்பநிலை மீக்கடத்திகளுக்கான தேடல்

மின்தடையை முற்றிலும் இழந்துவிடும் பொருள் மீக்கடத்தி எனப்படும். அந்நிலையை வழக்கத்தைவிடக் கூடிய வெப்பநிலையில் அடைபவை உயர் வெப்பநிலை மீக்கடத்திகள். பெயரில் உள்ள 'உயர்' என்ற சொல் சற்று ஏமாற்றக்கூடியது. சாதாரண அழுத்தத்தில் இவற்றுள் மிகச் சிறந்ததும் −135 பாகை செல்சியசுக்குக் கீழேதான் மீக்கடத்தியாகிறது.

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, 4.2 கெல்வினில் அதன் மின்தடை திடீரென மறைந்தது. அடுத்த 62 ஆண்டுகள் தேடியும், நியோபியம்–செருமேனியம் சேர்மத்தைக் கொண்டு 1973இல் எட்டப்பட்ட அளவு 23 கெல்வின்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 0.3 கெல்வின். இந்தக் குளிருக்கு அரிதான, விலை மிகுந்த நீர்ம ஈலியம் தேவை. காற்றிலிருந்தே பிரித்தெடுக்கக்கூடிய நீர்ம நைட்ரசனின் கொதிநிலை 77 கெல்வின். அதனால் அந்த எண் ஆய்வாளர்களின் இலக்காக இருந்தது.

தேடல் பெரும்பாலும் உலோகங்களிலும் உலோகக் கலவைகளிலும் நடந்தது. ஆக்சிசன் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது பெர்ண்ட் மத்தியாசின் பெயரால் வழங்கிய விதிகளுள் ஒன்று. சூரிக் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் ஜார்ஜ் பெட்னோர்ஸ், அலெக்ஸ் முல்லர் இருவரும் 1983 முதல் அந்த விதிக்கு நேர்மாறாக ஆக்சைடுகளையே சோதித்தனர். நிக்கல் ஆக்சைடுகளில் ஆண்டுக்கணக்கில் பயன் கிட்டவில்லை. 1985 இறுதியில், பேரியம்–லாந்தனம்–செப்பு ஆக்சைடு பற்றிய பிரெஞ்சு வேதியியலாளர்களின் கட்டுரை பெட்னோர்சின் கண்ணில் பட்டது. அவர்கள் அதன் மின்கடத்தலை −100 பாகை வரைதான் அளந்திருந்தனர். 1986 சனவரியில் பெட்னோர்ஸ் அதையும் தாண்டிக் குளிர்வித்தார், மின்தடை சரிந்தது. கலவை விகிதத்தை மாற்றியபோது சரிவு தொடங்கும் வெப்பநிலை 35 கெல்வின் வரை உயர்ந்தது.

மின்தடை குறைவது மட்டும் சான்றாகாது. மீக்கடத்தி தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியேற்ற வேண்டும். இது மெய்சனர் விளைவு. இச்சோதனை முடியாததால் இருவரும் கட்டுரைத் தலைப்பில் 'இருக்கக்கூடிய' என்ற சொல்லைச் சேர்த்தனர். டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஆண்டு முடிவதற்குள் அதை உறுதி செய்தது. 1987இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் ஊசுட்டனில் பால் சூ, இப்பொருளை அழுத்தினால் மாறுநிலை வெப்பநிலை உயர்வதைக் கண்டார். வெளியிலிருந்து அழுத்துவதற்குப் பதிலாக லாந்தனத்தின் இடத்தில் அதைவிடச் சிறிய இட்ரியம் அயனியை வைத்தால் என்ன? 1987இல் அவரும் மாவ்-குவென் வூவும் 93 கெல்வினை அறிவித்தனர். நைட்ரசன் எல்லை தாண்டப்பட்டது. 1993இல் பாதரசம் கலந்த செப்பு ஆக்சைடு 130 கெல்வினையும் கடந்தது. எலக்ட்ரான்கள் படிக அதிர்வுகளால் இணைசேர்கின்றன என்னும் 1957ஆம் ஆண்டுக் கோட்பாடு பழைய மீக்கடத்திகளுக்குப் பொருந்துகிறது. செப்பு ஆக்சைடுகளில் அவற்றை இணைப்பது எது என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

ஐதரசன் மிகுந்த சேர்மங்கள் வேறொரு வழியைக் காட்டின. 2015இல் ஐதரசன் சல்பைடு 203 கெல்வினிலும், பின்னர் லாந்தனம் ஐதரைடு 250 கெல்வினிலும் மீக்கடத்தியாயின. ஆனால் அவற்றை இரு வைர முனைகளுக்கிடையே 15 இலட்சம் வளிமண்டலங்களை ஒட்டிய அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். கம்பி செய்ய உதவாது. அறை வெப்பநிலையை எட்டியதாக 2020இலும் 2023இலும் 'நேச்சர்' இதழில் வந்த இரு கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2023 சூலையில் கொரியாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எல்கே-99 சில வாரங்களே நின்றது. அதில் மின்தடை திடீரெனக் குறைந்ததற்குக் காரணம் மாசாகக் கலந்திருந்த செப்பு சல்பைடு. தூய படிகமோ மின்காப்பியாக இருந்தது.

செப்பு ஆக்சைடுகள் பீங்கான் போல நொறுங்குபவை. எனவே அவற்றை உலோகப் பட்டையின்மீது மெல்லிய படலமாகப் படியவைத்துப் பயன்படுத்துகின்றனர். 2021இல் அத்தகைய நாடாக்களால் சுற்றப்பட்ட அணுக்கரு இணைவுக் காந்தம் ஒன்று 20 டெசுலா புலத்தை எட்டியது. அது இயங்கியது 20 கெல்வினில். வெப்பநிலையைக் கூட்டுவதைவிட, வலிமையான காந்தப்புலத்திலும் மீக்கடத்து நிலையை இழக்காதிருப்பதே அங்கு வேண்டியிருந்தது.