வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும்

கட்சிக் கூட்டம் ஒன்றை ஆட்டோ மோடில் படமெடுத்துப் பாருங்கள். நேரில் பளிச்சென்று கண்ணைப் பறித்த வேட்டி சட்டைகள் படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும். அதே கேமராவைத் திருப்பி, கறுப்புப் பாறையில் சாய்ந்து நிற்கும் ஒருவரை எடுங்கள். பாறை வெளிறிப்போகும், கூடவே அவர் முகமும் வெளிறும்.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. அது தனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் போடுகிறது. எதிரே எது இருந்தாலும், எல்லாவற்றையும் கலந்து சராசரி பார்த்தால் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் வர வேண்டும் என்பது அந்தக் கணக்கு. மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். பிலிம் காலத்துப் போட்டோகிராபர்கள் பையில் வைத்திருந்த 'கிரே கார்டு' அந்த நிறம்தான். இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடிக்கின்றன, காட்சியை ஊகிக்கின்றன, கண்ணைத் துரத்தி ஃபோகஸ் செய்கின்றன. அத்தனைக்கும் அடியில் அந்தச் சராசரிப் புத்தி இன்னும் இருக்கிறது. வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கும், கறுப்பைக் கண்டால் வெளுக்கவைக்கும்.

வாரத்தில் ஆறு நாள் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கேமராப் பையோடு சென்னையின் ஏதாவது ஒரு மூலை. இதுதான் என் போட்டோகிராபி. இதில் நான் கற்றதில் பெரும்பகுதி, கேமரா எனக்காக எடுக்கும் முடிவுகள் எவை என்று கண்டுபிடிப்பதும், அவற்றில் எனக்கு உடன்பாடில்லாதவற்றை என் கைக்கு மாற்றிக்கொள்வதும்தான். வெள்ளை வேட்டிக் கூட்டம் என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சத்துக்கு, ஏற்று. கறுத்த பின்னணி என்றால் இறக்கு. இது முதல் பாடம், எளிய பாடமும்கூட. முகத்தின் நிறம் என்று வரும்போதுதான் விஷயம் ஆழமாகிறது.

டிஜிட்டல் படம் என்பதே பாதிக்கு மேல் ஊகம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்சாரில் உள்ள புள்ளிகளுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் தலைமேலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏதாவது ஒரு நிற வடிகட்டியை வைத்தார்கள். கோடாக் நிறுவனத்தில் வேலைபார்த்த பிரைஸ் பேயர் இந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை பெற்றார். பெரும்பாலான கேமராக்களும் போன்களும் இன்றும் அதையோ அதன் வாரிசுகளையோதான் சுமக்கின்றன. 24 மெகாபிக்ஸல் கேமரா என்றால் 1.2 கோடிப் புள்ளிகள் பச்சையை மட்டும் அளக்கும். 60 லட்சம் சிவப்பை, 60 லட்சம் நீலத்தை. ஒவ்வொரு புள்ளிக்கும் மீதி இரண்டு நிறங்கள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன. அதற்குப் பிறகு வருவது ருசி. எந்தப் பழுப்பு எவ்வளவு சிவப்பாகத் தெரிய வேண்டும், நிழலை எவ்வளவு தூக்க வேண்டும், தோலை எவ்வளவு மழுக்க வேண்டும் என்பதெல்லாம் யாரோ ஒரு பொறியாளர் எங்கோ உட்கார்ந்து எடுத்த முடிவு. அவர் கண்முன் யாருடைய முகம் இருந்தது என்ற கேள்வி முக்கியமானது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வாருங்கள். விடியற்காலையில் அங்கே சூரியன் கடல் பக்கமிருந்து எழும்பும். படகுகளை நோக்கி நின்றால் எதிர்வெயில். ஏலம் முடிந்து அன்னக்கூடையில் வஞ்சிரமும் சங்கராவும் வந்து இறங்கும்போது, ஈரச் செதில்களில் வெயில் பட்டுத் தெறிக்கும். அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகமோ, உப்புக் காற்றும் வெயிலும் பல்லாண்டு வேலைபார்த்த கறுப்பு. ஒரே ஃபிரேமில் கண்ணாடிபோல் மின்னும் மீனும் அந்த முகமும். கேமரா இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். மீனை நம்பினால் முகம் கரித்துண்டு. முகத்தை நம்பினால் மீன் வெறும் வெள்ளைத் திட்டு.

ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை நான் அவர் கன்னத்தில் வைப்பேன். கேமரா அந்தக் கன்னத்தை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும் என்று தெரியுமாதலால், அது சொல்லும் அளவிலிருந்து முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் இறக்குவேன். முகம் அதன் சொந்த நிறத்தில் வந்து நிற்கும். மீனின் வெளிச்சமும் அதோடு கொஞ்சம் அடங்கும். பிறகு படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வலது ஓரத்தில் கோடு முட்டி நிற்கிறதா என்று சரிபார்ப்பேன். செதிலில் இரண்டு மூன்று இடம் வெளுத்துப்போனால் போகட்டும், அது வெயிலின் உரிமை. கறுத்த தோலின் அழகு வெளிச்சத்தை அது திருப்பித் தரும் விதத்தில் இருக்கிறது. கன்ன எலும்பின் மேல் ஒரு மினுமினுப்பு, மூக்கோரம் வியர்வையின் ஒரு கீற்று, அதை ஒட்டியே ஆழமான நிழல். நிழலைத் தூக்கி, மினுமினுப்பை மழுக்கினால் முகம் சாம்பல் பூசினாற்போல் தட்டையாகிவிடும். திண்ணை, வாசற்படி, தார்ப்பாய் நிழல் மாதிரி பக்கவாட்டில் வெளிச்சம் வரும் இடங்களை நான் தேடிப்போவது இதனால்தான்.

காசிமேட்டில் ஒரு ஞாயிறு, மீன் வெட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவரை அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவருடைய பேரனும் தன் போனில் எடுத்தான். எடுத்ததைப் பாட்டியிடம் நீட்டினான். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாடா இது, ஆயாவுக்கு வெள்ளையடிச்சிட்டியா?" என்றார். பையன் எதுவும் செய்யவில்லை. பியூட்டி மோட் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. சுருக்கங்கள் போய், தோல் இரண்டு படி வெளுத்து, கண் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, உன்னுதுல நான் எப்பிடி கீறேன், காட்டு" என்று கேட்டார். காட்டினேன். "இது நானு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார்.

முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் போனோடு பிறந்ததல்ல. நம் ஊர் ஸ்டூடியோக்களில் சுவர்க் கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் எப்போதும் இருக்கும். நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தைத் திருத்துவது அன்றே ஒரு தொழில். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்த எத்தனையோ முகங்களில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆனால் அந்தப் பவுடரைப் பூசிக்கொண்டவர் தன் கையால் பூசிக்கொண்டார். இன்று போன் கேட்காமலே பூசுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. பத்து வயதுக் குழந்தை தன் முகத்தை முதன்முதலில் செல்ஃபியில் பார்க்கும்போதே, திருத்தப்பட்ட முகத்தைத்தான் பார்க்கிறது. தன் நிறம் ஒரு தவறு என்று அதனிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாமல் போகிறது.

கலர் பிலிம் காலத்திலும் இந்தச் சாய்வு இருந்தது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். நிறுவன ஊழியரான ஷர்லி என்ற பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷர்லி கார்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்குப் பொருந்தாத தோல்களின் நுணுக்கம் இருட்டில் மூழ்கியது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை விரிவாகத் தொகுத்திருக்கிறார். பிலிமின் பழுப்பு நிறங்கள் மேம்பட்டதற்கு, சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விளம்பரக்காரர்களும் தங்கள் பொருளின் நிறபேதம் படத்தில் தெரியவில்லை என்று புகார் சொன்னதும் ஒரு காரணம் என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது மனம் கசந்தது. மனிதர்கள் காத்திருந்தார்கள், மேஜை நாற்காலிக்கு வழி பிறந்தது.

இப்போது நிலைமை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கூகுள் 2021-இல் தன் பிக்ஸல் 6 போனோடு 'ரியல் டோன்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கறுத்த தோல்களை அளவுக்கு மீறி வெளுக்கவைக்காமல் பதிவுசெய்வது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு, சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய பத்து நிறப் படிகள் கொண்ட தோல் அளவுகோலையும் பொதுவில் வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அடையாறு கடையில் நடுத்தர விலைக்கு வாங்கும் போனை எடுத்துப் பாருங்கள், செல்ஃபி கேமராவில் பியூட்டி மோட் பெரும்பாலும் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். வாங்கியவுடன் செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகளின் போனிலும் அணையுங்கள்.

முகம் மட்டுமல்ல, வெளிச்சமும் இப்படித்தான் திருத்தப்படுகிறது. கார்த்திகை அன்று வாசலில் அகல் ஏற்றிவைத்து ஆட்டோவில் எடுத்தால், விளக்கின் பொன்மஞ்சளை ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் 'குறை' என்று எண்ணி நீலத்தைக் கலந்துவிடும். அகல் வெளிச்சத்தின் வெப்பம் ஏறக்குறைய 2000 கெல்வின், உச்சி வெயில் 5500 பக்கம். ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் வைத்து எடுத்தால் விளக்கு விளக்காக இருக்கும். கோயில் மண்டபத்து டியூப்லைட்டில் வேறு ஒரு சங்கடம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால், முக்கியமாகச் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றிலும் இதே தொல்லை.

ஞாயிறு மாலை கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது என் வேலையின் இரண்டாம் பாதி தொடங்கும். கேமரா தன் ருசிக்குத் திருத்தாமல் சென்சார் அளந்ததை அப்படியே தரும் 'ரா' ஃபைலாகத்தான் நான் எடுக்கிறேன். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. கறுத்த முகத்தின் நிழல்பக்கத்தில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஜேபெக்கில் தாடையின் கீழே ஒரே இருட்டுப் பூச்சாக இருக்கும் இடம், ராவில் மெல்ல மெல்ல இறங்கிப் போகும். ரா ஃபைலைத் திருத்தப் பெரிய செலவு வேண்டாம். 'டார்க்டேபிள்' என்ற மென்பொருள் இலவசம், அதில் நான் முதலில் தொடுவது முகத்தின் வெளிச்சத்தை மட்டும்தான். எடுத்த இடத்தின் ஞாபகம் ஆறுவதற்குள் செய்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தால், அந்த அம்மாவின் சேலை அரக்கா கருஞ்சிவப்பா என்பதே குழம்பிவிடும்.

ரா ஃபைலை அழிக்காமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நிறம் பிரிக்கும் மென்பொருள்கள் ஆண்டுதோறும் நன்றாகிக்கொண்டே வருகின்றன. பழைய கேமராவில் எடுத்த முகங்களை இன்றைய மென்பொருளில் திறந்தால், அன்று இரைச்சலில் புதைந்திருந்த நுணுக்கங்கள் மேலே வருகின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டு வந்த சுருங்கிய பிரதிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதில் எடுத்த தேதியும் கேமரா விவரமும்கூட உதிர்ந்துபோயிருக்கும். ஆனால் வைத்திருப்பது சென்னையில் தனி உழைப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தள வீடுகளில் கல்யாண ஆல்பங்கள் கூழாகிப்போனதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பீரோவுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் தண்ணீர் விடவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே: பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர் பரப்பிய இந்த விதியை நான் கடைப்பிடிக்கிறேன். வெளியே இருக்கும் பிரதி வேறு ஊரில், மாடி வீட்டில் குடியிருக்கும் அக்காவிடம் இருக்கிறது. படங்களைப் போலவே லென்ஸையும் காக்க வேண்டும்; அதற்கு எதிரி ஈரக்காற்று. இறுக மூடும் டப்பாவில் நீல சிலிக்கா ஜெல். அது வெளிர் சிவப்பானதும் வறுத்து மறுபடி போட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இதை மறந்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை கோலம் போட்டுவிடும்.

அண்மையில் உறவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். நல்ல கறுப்பு, களையான முகம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஸ்டூடியோவுக்குப் போனபோது என்னையும் கூட அழைத்தாள். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி பழக்க தோஷத்தில் மவுஸை முகத்தின் மேல் கொண்டுபோனார். "அண்ணா, நகை, புடவை என்ன வேணா பண்ணுங்க. முகத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள். அவர் ஒரு நிமிடம் அவள் அம்மாவைப் பார்த்தார். அம்மா தயங்கினார், "கொஞ்சமா பண்ணட்டுமேம்மா" என்றார். "கொஞ்சமும் வேணாம்மா." நான் இடையில் புகுந்து, முகூர்த்தப் படத்தில் மாலைக்கும் பட்டுக்கும் மீட்டர் பார்த்ததால்தான் முகம் இருண்டிருக்கிறது, முகத்துக்கு மட்டும் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் ஏற்றுங்கள், நிறத்தைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். செய்தார். அகலமான திரையில் அந்தப் பழுப்பும், நெற்றிச்சுட்டியின் கீழே வியர்வையும், ஹோமப் புகையில் சிவந்த கண்ணும் அப்படியே எழுந்து வந்தன. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் எண்பது பக்க ஆல்பத்துக்கும் இதே முறையில் படங்களைத் தேர்ந்தெடுத்து முடித்தோம். ஒன்றில்கூட அந்தத் தம்பி வெளுப்பாக்கும் பட்டனைத் தொடவில்லை.