ஒரே பைலில் உங்கள் சர்வர்!

புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "என் அப்ளிகேஷனை இணையத்தில் எல்லோரும் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்?" என்பதுதான். அதற்கு எந்நேரமும் இயங்கும் சர்வர் ஒன்று வேண்டும். விலைக்கு வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு எடுக்கலாம். இதைத்தான் கிளவுட் என்கிறோம். மைக்ரோசாப்ட் 2015ல் சென்னையிலும், அமேசான் 2016ல் மும்பையிலும் இதற்கான மையங்களைத் திறந்தன.

எங்கள் ஊர் வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். அறைகளை வாடகைக்கு விடும் நண்பர் ஒருவருக்கு முன்பதிவு அப்ளிகேஷன் தேவைப்பட்டது. அதுவும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும். மீதி 11 மாதங்களுக்கு எதற்கு வாடகை? எனவே டெம்ப்ளேட் முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

டெம்ப்ளேட் என்றால் என்ன?

திருவிழாப் பந்தலுக்கு எத்தனை கால், எத்தனை விளக்கு என்று எழுதித் தருவதைப் போன்றதுதான் இது. என்ன சர்வர், எந்த போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும், சர்வர் முதன்முறை இயங்கும்போது எதை இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதுகிறோம். அமேசானில் இந்த வசதியின் பெயர் கிளவுட்பார்மேஷன். 2011ல் அறிமுகமானது. இதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை. உருவாகும் சர்வர் போன்றவற்றுக்குத்தான் கட்டணம்.

பைலை ஜேசான் அல்லது யாமல் வடிவில் எழுதலாம். யாமலில் வரியின் தொடக்கத்தில் டேப் கீயைப் பயன்படுத்தக் கூடாது, ஸ்பேஸ் மட்டுமே. பாஸ்வேர்டை டெம்ப்ளேட்டில் எழுதி வைக்க வேண்டாம்.

இயக்குவது எப்படி?

1. அமேசான் கிளவுட் தளத்தில் நுழைந்து, மும்பையைத் தேர்ந்தெடுங்கள்.
2. கிளவுட்பார்மேஷன் பக்கத்தில் 'கிரியேட் ஸ்டாக்' கிளிக் செய்து, பைலை அப்லோட் செய்யுங்கள்.
3. ஸ்டாக்கிற்குப் பெயர் கொடுத்து, கேட்கும் விவரங்களை நிரப்பி, 'சப்மிட்' அழுத்துங்கள்.
4. 'கிரியேட் கம்ப்ளீட்' என்று வந்ததும் 'அவுட்புட்ஸ்' பகுதியைப் பாருங்கள். அப்ளிகேஷனின் முகவரியை அங்கே காட்டும்படி டெம்ப்ளேட்டிலேயே எழுதிவிடலாம்.

இடையில் ஏதாவது தவறினால், அதுவரை உருவானவை வழக்கமாகத் தானே நீக்கப்படும். அமெரிக்க மையத்துக்கென எழுதிய டெம்ப்ளேட் மும்பையில் நின்றுபோனால், சர்வர் இமேஜ் எண்ணைச் சரிபாருங்கள். அது மையத்துக்கு மையம் மாறும்.

பந்தலைப் பிரிக்க மறக்காதீர்கள்

யாருமே உங்கள் தளத்தைப் பார்க்காவிட்டாலும் பில் ஏறிக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரி முதல், பொது ஐபி முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம். இலவசச் சலுகை முடிந்தபின், 30 நாளில் இது மட்டுமே 3.60 டாலர் ஆகிறது. சர்வர் வாடகை தனி.

திருவிழா முடிந்ததும் முன்பதிவுப் பட்டியலை என் கம்ப்யூட்டருக்கு டவுன்லோட் செய்துகொண்டு, ஸ்டாக்கைத் தேர்ந்தெடுத்து 'டெலிட்' கொடுத்தேன். சர்வர், பயர்வால் என ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கும் வேலையே இல்லை.

ஆனால் இரண்டைக் கவனியுங்கள். எஸ்-3 பக்கெட்டில் பைல்கள் இருந்தால் அது அழியாது. முதலில் காலி செய்ய வேண்டும். ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் வைத்திருந்தால், அதை நீக்கும்போது ஸ்னாப்ஷாட் எனும் நகல் ஒன்று எடுத்து வைக்கப்படும். அதற்கும் கட்டணம் உண்டு. தேவையில்லை என்றால் அதையும் அழித்துவிடுங்கள்.

கணக்குத் தொடங்கிய அன்றே 'பட்ஜெட்ஸ்' பகுதியில் சிறிய தொகை ஒன்றைக் குறிப்பிட்டு வையுங்கள். செலவு அதைத் தாண்டினால் மெயில் வரும். டெம்ப்ளேட் பைலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சித்திரைக்கு அதே பைல் போதும்!