மண் வாடை இல்லாமல் பீட்ரூட் சமைக்கும் பக்குவம்



ஒரு காலத்தில் பீட்ரூட் என்றால் அது ஊட்டி, கொடைக்கானல் மலைக் காய். கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தால் உண்டு. இப்போது அப்படி இல்லை. ஒட்டன்சத்திரம், தேனிப் பக்கத்துத் தோட்டங்களிலும் விளைகிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று எந்த ஊர்க் காய்கறிக் கடைக்குப் போனாலும் கிடைக்கிறது.

வாங்குவதில் சிரமம் இல்லை. வாங்கி வந்த பிறகுதான் சிரமம். ‘மண்ணு வாடை அடிக்குது’ன்னு பிள்ளைங்க தட்டோரம் ஒதுக்கி வச்சிருவாங்க. ‘ஒரே இனிப்பா இருக்கு, சோத்துக்குச் சேரலை’ன்னு பெரியவங்க சொல்வாங்க. கடைசியில், ‘ரத்தம் ஊறும், முழுங்கு’ன்னு மருந்து மாதிரி கொடுக்க வேண்டியதாயிருது. பீட்ரூட் மருந்து இல்லீங்க; நல்ல வெஞ்சனம். பக்குவம் தெரிந்து செய்தால் பிள்ளைகளே இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

வாடை எங்கிருந்து வருது?

கோடை முடிந்து முதல் மழை கரிசல் காட்டில் விழுந்ததும் ஒரு வாசனை கிளம்புமே, அது நமக்கெல்லாம் பிடித்த வாசனை. அந்த வாசனையைத் தருகிற பொருளுக்கு ஜியாஸ்மின் என்று பெயர். அதே பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. காட்டில் இருந்தால் ரசிக்கிறோம், கறியில் இருந்தால் முகம் சுளிக்கிறோம்.

இது கிழங்கின் தோலில்தான் அதிகம். அதனால் தோலைச் சுத்தமாகச் சீவினாலே பாதி வாடை போய்விடும். மீதிப் பாதிக்குப் புளிப்புதான் வைத்தியம். புளித் தண்ணீரோ, எலுமிச்சைச் சாறோ, தயிரோ கொஞ்சம் சேர்ந்தால் மண் வாடை அடங்கிவிடும், தித்திப்பும் மட்டுப்படும். புளிப்பு சேர்ந்தால் சிவப்பு நிறமும் நன்றாக நிற்கும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போட்டால் நிறம் மங்கி மஞ்சளடித்துப் போகும். ஆகவே சோடா உப்பு வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது

பெரிய கிழங்கு லாபம் என்று நினைக்காதீங்க. முற்றிய கிழங்கில் நார் ஓடியிருக்கும், எவ்வளவு வேக வைத்தாலும் சக்கைதான். ஒரு கைப்பிடி அளவில், கெட்டியாக, தோல் சுருங்காமல் இருக்கிறதைப் பொறுக்குங்க. தழையோடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தழையைத் தனியே அறுத்துவிட வேண்டும். விட்டு வைத்தால் கிழங்கிலுள்ள ஈரத்தை அது இழுத்துவிடும். காம்பில் ஓர் அங்குலம் மட்டும் கிழங்கோடு இருக்கட்டும்.

முழுசாக வேக வைப்பதானால் தோலைச் சீவாமல், வாலை வெட்டாமல், மண் போகக் கழுவி அப்படியே போடுங்க. வெட்டுப்பட்ட இடம் வழியாகத்தான் நிறமும் சத்தும் தண்ணீரில் இறங்கும். குக்கரில் நாலைந்து விசில். பானையில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆறிய பிறகு விரலால் தேய்த்தாலே தோல் உரிந்து வந்துவிடும். பொடிப்பொடியாக நறுக்கிச் செய்யும் பொரியலுக்கு மட்டும் முதலிலேயே தோலைச் சீவிவிடலாம்.

தூக்குவாளிக்கு ஏற்ற பொரியல்

நம்ம பக்கத்தில் ஒரு வீட்டில் ஒருத்தர் காட்டு வேலைக்கும், ஒருத்தர் பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போகிறது சகஜம். காலையில் கட்டிய சோற்றை மத்தியானம்தான் திறக்கிறார்கள். இந்த வெயிலில் தேங்காய்ப்பூ போட்ட பொரியல் அதற்குள் ஊசிப் போகலாம். அதனால் தேங்காய்க்குப் பதில் நிலக்கடலைப் பொடி போடுங்க.

அரை கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவிப் பொடியாக நறுக்குங்க. எண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, வத்தல், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் ஒரு கை போட்டு வதக்குங்க. பீட்ரூட்டைப் போட்டு, உப்பும் கால் டம்ளர் தண்ணீரும் விட்டு மூடி வேக விடுங்க. முக்கால் வேக்காட்டில் நெல்லிக்காய் அளவுப் புளியில் பாதியைக் கரைத்து ஊற்றித் தண்ணீர் சுண்டுகிற வரை கிளறுங்க. வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, வத்தல் ரெண்டு, பூண்டு ரெண்டு பல் சேர்த்து ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவி இறக்கிவிடலாம். ஈரம் இல்லாததால் மத்தியானம் வரை கெடாது. கடலை சேர்வதால் புரதச் சத்தும் கிடைக்கும்.

இதோடு ஒரு வார்த்தை. பட்டாசு வேலையில் கையில் அலுமினியப் பொடியும் மருந்துத் தூசியும் ஒட்டியிருக்கும். சாப்பாட்டில் எவ்வளவு சத்து இருந்தாலும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தூக்குவாளியைத் திறக்கக் கூடாது. நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும்.

இன்னும் சில வகைகள்

தயிர்ப் பச்சடி: வெந்த பீட்ரூட் ஒன்றைத் துருவி, கெட்டித் தயிர் ஒரு கிண்ணத்தில் கலந்து, உப்பு, பச்சை மிளகாய் சேர்த்துக் கடுகு தாளிக்க வேண்டியதுதான். பார்க்க ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும். பீட்ரூட்டே பிடிக்காத பிள்ளைக்கு முதலில் இதைக் கொடுத்துப் பழக்குங்க.

பால் கறி: இலங்கைத் தமிழர் வீடுகளில் இது அடிக்கடி செய்கிற கறி. பீட்ரூட்டை விரல் நீளத்துக்கு மெலிதாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேக வைப்பார்கள். வெந்ததும் முதல் பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, எலுமிச்சை பிழிவார்கள். சுடுசோற்றுக்குக் குழம்பே வேண்டாம்.

ரசம்: உக்ரைன் நாட்டில் பீட்ரூட் போட்டுப் புளிப்பாகக் காய்ச்சுகிற ‘போர்ஷ்’ என்ற சாறு வீட்டுக்கு வீடு உண்டு. அதைச் சமைக்கும் மரபை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் 2022-ஆம் ஆண்டு யுனெஸ்கோ சேர்த்தது. நம்ம ரசத்துக்கு அது தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். தோல் சீவிய பீட்ரூட்டை வேக வைத்து, கொஞ்சம் மசித்து, அந்தத் தண்ணீரோடு புளிக்கரைசல், மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டியதும் இறக்குங்க. மழைக்காலத்துக்கு ஏற்ற ரசம்.

கம்பு அடை: கம்பு மாவு ரெண்டு டம்ளருக்குத் துருவிய பீட்ரூட் ஒரு டம்ளர், முருங்கைக் கீரை ஒரு கை, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து வெந்நீர் விட்டுப் பிசையுங்க. தோசைக்கல்லில் கையால் தட்டி, எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் நிதானமாக வேக விடுங்க.

கீரையை மாட்டுக்குப் போடாதீங்க

பீட்ரூட் தழையை அறுத்து மாட்டுக்கு எறிகிறோம். ஆதியில் மனிதர்கள் இந்தச் செடியைக் கீரைக்காகத்தான் வளர்த்தார்கள். கிழங்கு பின்னால் வந்தது. கிழங்கில் இருப்பதைப் போல மூன்று மடங்கு இரும்புச் சத்து தழையில் இருக்கிறது. இளந்தழையைத் தண்டோடு நறுக்கி, பாசிப்பருப்போடு வேக வைத்துக் கடைந்து, பூண்டு தாளித்தால் அருமையான கூட்டு.

ரத்தம் ஊறுமா?

இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. பாதிக்கு மேல். அதனால் ‘பீட்ரூட் ஜூஸ் குடி, சரியாயிரும்’ என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகிவிடாது. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச் சத்து சுமார் 0.8 மில்லிகிராம்தான். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். நம்ம காட்டில் விளைகிற கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது! பீட்ரூட்டில் ரத்த விருத்திக்கு உதவும் ஃபோலேட் என்ற சத்து நிறைய உண்டு. அது மட்டும் போதாது. கம்பு, கீரை, பயறு, முட்டை, மீன், ஈரல் என்று சேர்த்துச் சாப்பிட வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் பிடிக்காது.

மேல்மூச்சு வாங்குது, தலை சுத்துது, கண் வெளிறியிருக்கு என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்க. இரும்புச் சத்து மாத்திரை அங்கே இலவசமாகவே கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகள் ஜூஸை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் ஆபத்து தாய்க்கும் பிள்ளைக்கும்தான்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது கிழங்கின் நிறம்தான், பயப்பட வேண்டாம். பீட்ரூட் சாப்பிடாமலே சிவப்பாகப் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கிழங்கையும் தழையையும் குறைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஜூஸாக, அல்வாவாகச் சாப்பிடாமல் அளவாகப் பொரியலாகச் சாப்பிடலாம்.

கொல்லையில் நாலு பாத்தி

கிணற்றுத் தண்ணீர் உள்ள வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து விவசாயிகள் வீட்டுத் தேவைக்கு நாலு பாத்தி போட்டுப் பார்க்கலாம். பீட்ரூட் குளிர்ச்சியை விரும்பும் பயிர். வெயில் அதிகமானால் கிழங்கின் உள்ளே வெள்ளை வளையம் விழும். அதனால் ஐப்பசி, கார்த்திகைதான் பருவம். கரிசல் இறுகினால் கிழங்கு கோணலாகும். தொழுவுரம் நிறையப் போட்டுப் பார் கட்டி விதையுங்க. ஒரு விதை போல் தெரிவது உண்மையில் பல விதைகள் ஒட்டிய உருண்டை. இரண்டு மூன்று முளைத்து வரும். இருபதாம் நாள் வாக்கில் ஒன்றை விட்டு மற்றதைக் களைந்துவிடுங்க. களைந்த நாற்று அன்றைய கீரை. இரகத்தைப் பொறுத்து 60 முதல் 90 நாளில் கிழங்கு எடுக்கலாம். முற்ற விடாதீங்க.

அடுத்த சந்தைக்குப் போகும்போது தழையோடு அரை கிலோ வாங்கி வாங்க. முதல் நாள் தயிர்ப் பச்சடி, மறுநாள் கீரைக் கூட்டு, மூன்றாம் நாள் கடலைப் பொடி போட்ட பொரியல். செய்து பாருங்க; தட்டில் மிச்சம் இருக்காது.