ஹெரால்டின் ஹெட்லைட் ஏன் மங்குகிறது?

வண்டலூர் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் பிறந்த கார் ஹெரால்டு. பானெட் முழுசாக முன்னால் சாயும். வீட்டு வாசலிலேயே வேலை பார்க்க இதைவிட வசதியான கார் கிடையாது என்பேன்.

தாம்பரம் நெரிசலில் நின்றால் ஹெட்லைட் மங்குவது ஏன்? ஹெரால்டில் இருப்பது டைனமோ; அதில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். அதிவேகத்தில் அதன் சுருள் பிய்த்துக்கொள்ளும் என்பதால் நிதானமாகவே சுற்றவிடுவார்கள். ஐடிலிங்கில் சார்ஜ் போதாது. ஆல்டர்னேட்டரில் கரண்ட் தரும் சுருள் அசையாது; மின்காந்தம்தான் சுழலும். சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம், வண்டி நின்றாலும் கரண்ட் வரும்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாற்றும்முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் என்றால் முதலில் அதைத் திருப்பிப் போடவேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் நொடியில் கருகும்.